ஊர்க் குளத்துக்கு ஒரு பதிவேடு: புதிதாகத் தொடங்குபவர்களுக்கான செய்முறை

குளத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று நான்கு பேர் கூடினால் பெரும்பாலும் துப்புரவுப் பணியில்தான் தொடங்குவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளாஸ்டிக் பொறுக்குவது, கரையில் மரக்கன்று நடுவது, படம் எடுப்பது. நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் அடுத்த மழையில் அதே ஓடை வழியாக அதே குப்பை வந்து சேரும். அதனால் வேலையின் வரிசையை மாற்றச் சொல்கிறேன். முதலில் பார்ப்பது, கேட்பது, எழுதி வைப்பது. இறங்கி வேலை செய்வது அதற்கு அப்புறம்.

இதற்குக் காரணம் இருக்கிறது. குமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டுக் குளங்களில் பெரும்பாலானவை பாசனத்துக்காக வெட்டப்பட்டவை. பாசனத்துக்கென்றும் குடிநீருக்கென்றும் மனிதர்கள் உருவாக்கிய நீர்நிலைகளை 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் தங்கள் வரையறைக்கு வெளியே வைத்துவிட்டன. சுசீந்திரம்–தேரூர் ஈரநிலம் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, அதனால் அதற்குக் காவல் உண்டு. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் உங்கள் ஊர்க் குளத்துக்கு அது கிடையாது. அங்கே என்ன பறவை வருகிறது, என்ன மீன் கிடைக்கிறது, யார் யார் அதை நம்பிப் பிழைக்கிறார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை என்றால், சாலை போட வருபவர்களுக்கு அது வெறும் பள்ளம்தான்.

எழுதி வைப்பதற்குப் பட்டம் எதுவும் தேவையில்லை. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். அந்த மாநிலம் முழுவதற்கும் 2015 முதல் 2020 வரை பறவை வரைபடத் தொகுப்பு ஒன்றைத் தயாரித்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் சேர்ந்து 361 வகைப் பறவைகளைப் பதிவு செய்தார்கள். நாம் ஒரு குளத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதல் படி: ஒரே ஒரு குளம்

நடந்து போகும் தூரத்தில் இருக்கும் குளமாகத் தேர்ந்தெடுங்கள். பைக் எடுத்துப் போக வேண்டிய குளம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம், மழைக்காலத்தில் போகாமல் விட்டுவிடுவீர்கள்.

அப்புறம் அந்தக் குளம் யாருடையது என்று பாருங்கள். நீர்வளத் துறையுடையதாக இருக்கலாம், பஞ்சாயத்துடையதாகவோ கோயிலுடையதாகவோ இருக்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டால், தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் அ-பதிவேடு என்ற நிலப் பதிவேட்டின் விவரத்தைப் பார்க்கலாம். அதில் பரப்பளவும், நிலம் எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்பதும் வரும். அதை அச்செடுத்து நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். பின்னால் ஆக்கிரமிப்புப் பேச்சு வந்தால் இந்த ஒரு தாள் பெரிய துணை.

இரண்டாம் படி: குளத்தை நம்பி இருப்பவர்களிடம் பேசுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். குளம் என்றால் நமக்குப் பறவை, தாமரை. பாசன விவசாயிக்கு அது கும்பப்பூ நெல் பருவத்துக்கான தண்ணீர். மீன் ஏலம் எடுத்தவருக்குப் போட்ட முதல். தாமரை பறிப்பவருக்கு விடியும் முன் தோவாளைச் சந்தைக்குப் போக வேண்டிய சரக்கு. இவர்களிடம் கேட்காமல் ‘பறவைகள் சரணாலயம் ஆக்குவோம்’ என்று பேச்சை ஆரம்பித்தால், பிழைப்பில் கை வைக்க வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். நினைப்பதில் தப்பும் இல்லை.

முதலில் பாசன சங்கத் தலைவரைப் போய்ப் பாருங்கள். வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடையும், மிகுந்த தண்ணீர் வெளியேறும் மறுகாலும் எங்கே இருக்கின்றன, தண்ணீர் எந்தக் கால்வாயிலிருந்து வருகிறது, எந்த மாதம் அடைப்பார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அடுத்து வயதானவர்கள். பொதுவாகக் கேட்காமல் குறிப்பாகக் கேளுங்கள்:

“பாட்டா, நீங்க சின்ன வயசுல கோடையில தண்ணி எதுவரைக்கும் நிக்கும்?”

“முன்னாடி கிடைச்சு இப்போ கிடைக்காத மீனு எது?”

“கொக்கு அடையுற மரம் எங்க இருந்துது?”

சொல்கிற பெயரை அப்படியே எழுதுங்கள். விளவங்கோடு பக்கம் ஒரே பறவைக்குத் தமிழில் ஒரு பெயரும் மலையாளத்தில் ஒரு பெயரும் புழங்கும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள், புத்தகப் பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். சொன்னவரின் வயதும் தேதியும் பக்கத்தில் இருக்கட்டும். துணி துவைக்க வரும் பெண்களிடம் பெண்கள் யாராவது போய்ப் பேசுவது நல்லது. எந்த மாதம் தண்ணீர் நாறும், எப்போது உடம்பு அரிக்கும் என்று அவர்கள் சொல்லுமளவு துல்லியமாக வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.

மூன்றாம் படி: மாதம் ஒரு கணக்கெடுப்பு

கரையில் நான்கு இடங்களைத் தேர்ந்தெடுத்துக் குறித்துவையுங்கள். மாதத்தில் ஒரு காலை, எப்போதும் அதே நேரம், அதே நான்கு இடங்கள், ஒவ்வொன்றிலும் 15 நிமிடம். இடத்தையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டே இருந்தால் பறவை குறைந்ததா, நீங்கள் பார்க்கும் இடம் மாறியதா என்று பிறகு சொல்ல முடியாது.

இருநோக்கி இருந்தால் நல்லது. வாங்குவதாக இருந்தால் 8×42 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்பதால் விடியற்காலை மங்கல் வெளிச்சத்திலும் தெளிவாகத் தெரியும். பத்து மடங்கு வேண்டாம், புதியவர்கள் கையில் ஆடும். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பெரிய பறவைகளை வெறும் கண்ணாலேயே எண்ணலாம்.

கூழைக்கடா, பாம்புத்தாரா, நீர்க்காகம், நத்தைகுத்தி நாரை, மடையான், நீலத் தாழைக்கோழி, செம்பருந்து. இந்த ஏழில் தொடங்குங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, கும்பப்பூ நெல் வயலில் நிற்கும் காலத்தில், வடக்கேயிருந்து வருபவையும் சேரும்: நீலச்சிறகி வாத்து, மீசை ஆலா, சின்னச் சின்ன உள்ளான் வகைகள். உள்ளான்களைப் பிரித்து அறிவது கடினம். முதல் வருடம் ‘உள்ளான், வகை தெரியவில்லை, 30’ என்று எழுதினால் போதும், அது நேர்மையான பதிவு.

சீழ்க்கைச் சிறகி வாத்துகள் கூட்டமாக உட்கார்ந்திருந்தால் முதலில் பத்தை எண்ணுங்கள். அந்தப் பத்து பார்வையில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் வைத்து, கூட்டம் முழுவதிலும் அப்படி எத்தனை பத்து என்று பாருங்கள். பக்கத்தில் ‘சுமார்’ என்று போடுங்கள். ஒன்றுமே இல்லாத நாளில் சுழி என்று எழுதுங்கள், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நீளவால் இலைக்கோழியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தாமரை இலை மேல் நீண்ட விரல்களை ஊன்றி நடக்கும் பறவை. பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மிதக்கும் இலைகளின் மேலேயே முட்டையிடும். பெண் பறவை முட்டையிட்டுவிட்டு வேறு துணை தேடிப் போய்விடும், அடைகாப்பதும் குஞ்சை வளர்ப்பதும் ஆண்தான். கரையிலிருந்து பார்த்தாலே இது எல்லாம் தெரியும். கிட்டப் போய்ப் படம் எடுக்க வேண்டாம். ஆண் பறவை எழுந்து விலகினால் முட்டையைக் காக்கை கொண்டு போகும். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போது முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டியது இதுதான்.

நான்காம் படி: மீன்

இதைச் சுருக்கமாகவே செய்யலாம். மீன் பிடிப்பவரிடம் ஒரு முறை வலை இழுக்கும்போது கூட இருக்கக் கேளுங்கள். விரால், கெண்டை, கெளுத்தி இருக்கின்றனவா, சிலேபி (திலேப்பியா) எவ்வளவு என்று குறித்தால் போதும். சிலேபி நம் ஊர் மீன் இல்லை, 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆப்பிரிக்கக் கெளுத்தி கிடைத்தால் தனியாக எழுதுங்கள். அதை வளர்க்கத் தடை இருக்கிறது.

ஐந்தாம் படி: இப்போது இறங்கலாம்

ஒரு வருடப் பதிவு கையில் இருந்தால் எங்கே கை வைக்கலாம், எங்கே கூடாது என்று தெரிந்திருக்கும். நம் குளங்களுக்குப் பெரிய தொல்லை ஆகாயத்தாமரை. தென் அமெரிக்கச் செடி. வெயிலும் கழிவுநீரும் சேர்ந்தால் இரண்டு வாரத்தில் இரண்டு மடங்காகும். அதன் விதை சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். அதனால் பூப்பதற்கு முன்னால் எடுக்க வேண்டும். எடுத்ததைக் கரைச் சரிவில் போட்டால் அடுத்த மழைக்குத் திரும்பக் குளத்துக்குள் போகும். கரைக்கு வெளியே கொண்டுபோய்ச் சாணத்தோடு சேர்த்து மக்க வையுங்கள். சாக்கடை எந்த இடத்தில் குளத்தில் சேர்கிறது என்பதையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அதை அடைக்க வழி பார்க்காமல் செடியை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் வருடாவருடம் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

தாமரையையும் கோரையையும் மொத்தமாக வழிக்க விடாதீர்கள். ஒரு மூலையையாவது தொடாமல் விடச் சொல்லுங்கள். தாழைக்கோழியும் இலைக்கோழியும் அங்கேதான் கூடு வைக்கும்.

தூர் வாருவது பற்றியும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஜேசிபி வைத்துக் கரையோரத்தைச் செங்குத்தாக வெட்டினால் தண்ணீர் நிறைய நிற்கும், ஆனால் உள்ளானும் கொக்கும் இரை தேட இடம் இருக்காது. அவற்றுக்குக் கணுக்கால் அளவு தண்ணீர் வேண்டும். நடுவில் ஆழப்படுத்தி, ஒரு பக்கமாவது சரிவாக விடும்படி ஒப்பந்ததாரரிடம் வேலை தொடங்கும் முன்பே பேச வேண்டும். சரிவான கரை ஆடுமாடு இறங்கித் தண்ணீர் குடிக்கவும் வசதி என்பதால் ஊரார் இதை மறுக்க மாட்டார்கள்.

ஆறாம் படி: சபைக்குக் கொண்டு போவது

2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு ஒன்றை அமைக்க வேண்டும். ஊர் மக்களைக் கேட்டு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிப்பது அந்தக் குழுவின் முக்கியமான வேலை. உங்கள் நோட்டு அந்தப் பதிவேட்டின் ஒரு பகுதியாக ஆக முடியும். குழு இருக்கிறதா, உறுப்பினர்கள் யார் என்று பஞ்சாயத்து அலுவலகத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். குமரி மாவட்டத்தில் பேரூராட்சிகள் அதிகம், அங்கே கிராம சபை கிடையாது. வார்டு உறுப்பினர் வழியாக மன்றக் கூட்டத்துக்குக் கொண்டு போக வேண்டும்.

கூட்டத்தில் நீண்ட பேச்சு வேண்டாம். இரண்டே கோரிக்கை: குளத்தின் பதிவை மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் சேர்ப்பது, தூர் வாரும் முன் பாசன சங்கத்தையும் பதிவேட்டுக் குழுவினரையும் கேட்பது. முடிந்தால் பாசன சங்கத் தலைவரையே பேசச் சொல்லுங்கள், அவர் சொன்னால் சபை கேட்கும். தீர்மானத்தின் எண்ணையும் நகலையும் வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள்.

முதல் கணக்கெடுப்புக்கு நல்ல சமயம் தை மாதம்தான். 2015 முதல் தமிழ்நாடு முழுவதும் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்து பறவைப் பட்டியல்களைச் சேகரிக்கும் ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் பட்டியலை ஏற்றினால் நீங்களும் அதில் சேரலாம். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கும் பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள். நோட்டை ஒருவர் வீட்டில் மட்டும் வைக்காமல், மூன்று மாதத்துக்கு ஒரு முறை பக்கங்களைப் படமெடுத்துப் பள்ளியில் ஒரு நகல், ஊர் நூலகத்தில் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.