மிக் மரபணு உடைந்திருக்கிறதா, பெருகியிருக்கிறதா? பி-செல் லிம்போமாவில் ஃபிஷ் ஸ்லைடு செய்து படிக்கும் முறை

பெரிய பி-செல் லிம்போமா (ஒருவகை நிணநீர்ப் புற்று) என்று பயாப்சி முடிவு வந்ததும் ஆய்வகத்துக்கு வரும் அடுத்த கேள்வி: 8ஆம் குரோமோசோமில் இருக்கும் மிக் மரபணு உடைந்து இடம் மாறியிருக்கிறதா? இதற்குப் பதில் சொல்வது ஃபிஷ்: ஒளிரும் டிஎன்ஏ துண்டுகளை (புரோப்) ஒட்டவைத்து, மரபணு இருக்கும் இடத்தை நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை. மிக்கும், பிசிஎல்2 என்ற இன்னொரு மரபணுவும் இடம் மாறியிருந்தால் அதை உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வகைப்பாடு தனி நோயாகவே வைக்கிறது. சிகிச்சையைத் தீவிரமாக்குவதா என்று மருத்துவர் யோசிப்பதும் அதை வைத்துத்தான். நகல்கள் மட்டும் கூடியிருந்தால் அது அந்தத் தனி நோயில் சேராது. புதிதாகப் படிப்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

திசு

10% நியூட்ரல் பஃபர் ஃபார்மலினில் 6 முதல் 72 மணி நேரம் ஊறிய திசுவே நல்லது. எலும்பு மஜ்ஜையை அமிலத்தில் கால்சியம் நீக்கியிருந்தால் டிஎன்ஏ சிதைந்துவிடும், சிக்னலே வராது. அமிலத்துக்குப் பதில் பயன்படும் இடிடிஏ கரைசலில் நீக்கியதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பாரஃபின் பிளாக்கிலிருந்து 4 மைக்ரான் தடிமனில் வெட்டி, பாசிட்டிவ் சார்ஜ் ஸ்லைடில் ஏற்றி, 56–60 டிகிரியில் இரவு முழுக்க வையுங்கள். வழக்கமான சாயமிட்ட ஹெச்-அண்டு-இ ஸ்லைடைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கட்டி உள்ள பகுதியை ஸ்லைடின் பின்புறம் வைர முனைப் பேனாவால் வட்டமிடுங்கள். ஃபிஷ் வெளிச்சத்தில் கட்டியையும் சாதாரண லிம்போசைட்டையும் பிரித்தறிவது கடினம்.

செரிமானம்

சைலீனில் மெழுகை நீக்கி, எத்தனாலில் கழுவி, கிட்டோடு வரும் முன்தயாரிப்புக் கரைசலில் சூடாக்கிய பிறகு பெப்சின் (புரதத்தைச் செரிக்கும் நொதி), 37 டிகிரியில் 10 முதல் 30 நிமிடம். நேரத்தைக் கிட்டின் தாளில் பார்த்துத் தொடங்குங்கள். ஆனால் ஒவ்வொரு திசுவும் ஒரே மாதிரி செரிக்காது. அதனால் புரோப் போடும் முன் ஒரு சொட்டு டேபி (உட்கருவை நீலமாகக் காட்டும் சாயம்) விட்டுப் பாருங்கள். உட்கருவைச் சுற்றிப் பச்சை மங்கல் படர்ந்திருந்தால் செரிமானம் போதவில்லை. இன்னும் சில நிமிடம் கொடுக்கலாம். உட்கரு நடுவில் ஓட்டையாகி, விளிம்பு பிய்ந்து, நீலம் வெளிறியிருந்தால் அளவு மீறிவிட்டது. அதைச் சரிசெய்ய வழியில்லை, புது வெட்டு எடுக்க வேண்டியதுதான்.

புரோப்

22×22 மி.மீ. கவர்ஸ்லிப்புக்கு 10 மைக்ரோலிட்டர் போதும். குமிழி இல்லாமல் மூடி, ஓரங்களை ரப்பர் சிமென்ட்டால் அடைத்து, 75 டிகிரியில் 5 நிமிடம், பிறகு ஈரப்பெட்டியில் 37 டிகிரியில் சுமார் 16 மணி நேரம்.

மறுநாள் 0.3% என்பி-40 (சோப்பு போன்ற பொருள்) கலந்த 2× எஸ்எஸ்சி உப்புக் கரைசலில், 72 டிகிரியில் 2 நிமிடம் கழுவுங்கள். தெர்மாமீட்டரை வாட்டர் பாத்தில் அல்ல, ஸ்லைடு நிற்கும் ஜாடிக்குள்ளேயே வையுங்கள். ஒவ்வொரு குளிர்ந்த ஸ்லைடும் இறங்கும்போது ஜாடியின் சூடு குறையும். சூடு குறைந்தால் பின்புலம் முழுக்கப் புள்ளி மயமாகும்.

படிப்பது

பிரேக்-அபார்ட் புரோபில் மரபணுவின் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை. உடையாத மிக் மஞ்சளாகவோ, ஒட்டிய சிவப்பு-பச்சையாகவோ தெரியும். ஒன்றன்மேல் ஒன்று ஏறாத 100 உட்கருக்களை இருவர் தனித்தனியாக 50 வீதம் எண்ணுங்கள். நுண்திருகை மேலும் கீழும் திருப்பிக்கொண்டே பாருங்கள். எல்லாப் புள்ளியும் ஒரே தளத்தில் இருக்காது.

ஒரு மஞ்சள், தனியாக ஒரு சிவப்பு, தனியாக ஒரு பச்சை: இது உடைவு. தனிப்புள்ளிகளுக்கிடையே குறைந்தது இரண்டு சிக்னல் அகல இடைவெளி வேண்டும்.

மூன்று, நான்கு மஞ்சள்: நகல் கூடியிருக்கிறது, உடையவில்லை. இப்போது 8ஆம் குரோமோசோமின் சென்ட்ரோமியர் (குரோமோசோமின் இடுங்கிய பகுதி) புரோபைப் பாருங்கள். அதுவும் நான்கு என்றால் குரோமோசோமே முழுதாகக் கூடியிருக்கிறது. சென்ட்ரோமியர் இரண்டாக நிற்க, மிக் மட்டும் எண்ண முடியாத கொத்தாகக் குவிந்திருந்தால் அதுதான் பெருக்கம்.

ஒரு மஞ்சளும் ஒரு சிவப்பும் மட்டும் இருந்து பச்சை காணாமல் போயிருந்தால் அவசரப்படாதீர்கள். 4 மைக்ரான் வெட்டில் பெரிய உட்கருவின் ஒரு துண்டுதான் ஸ்லைடுக்கு வருகிறது. பச்சை கத்தியோடு போயிருக்கலாம். ஆனால் பல உட்கருக்களில் அதே அமைப்பு திரும்பத் திரும்ப வந்தால் அது வெட்டின் குறை அல்ல, சமநிலையற்ற இடமாற்றமாக (ஒரு துண்டு தொலைந்துபோன இடமாற்றம்) இருக்கலாம்.

எத்தனை சதவீதம் தாண்டினால் பாசிட்டிவ் என்பதை உங்கள் ஆய்வகமே வகுக்க வேண்டும். புற்று இல்லாத 20 டான்சில் மாதிரிகளை இதே முறையில் எண்ணி, அதில் வரும் பொய்யான உடைவுகளின் சராசரியோடு மூன்று திட்ட விலக்கத்தைக் கூட்டுவது பழக்கத்தில் உள்ள வழி.

பிரேக்-அபார்ட் தவறவிடுவது

மிக்கின் உடைவுப்புள்ளிகள் பரந்து கிடக்கின்றன. புரோபின் எல்லைக்கு வெளியே உடைந்தாலோ, சிறு துண்டு மட்டும் நுழைந்தாலோ எல்லாம் மஞ்சளாகவே தெரியும். நோய் பர்கிட் லிம்போமா போலத் தோன்றினால் 8, 14ஆம் குரோமோசோம்களுக்கான ஐஜிஎச்-மிக் ஃப்யூஷன் புரோபையும் (ஆன்டிபாடியின் ஹெவி செயின் மரபணுவான ஐஜிஎச்சும் மிக்கும் இணைந்திருப்பதைக் காட்டுவது) போட்டுவிடுங்கள். அதுவும் நெகட்டிவ் என்றால், 2 அல்லது 22ஆம் குரோமோசோமில் உள்ள ஆன்டிபாடியின் லைட் செயின் மரபணுக்கள் மிக்கின் கூட்டாளியாக இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

அறிக்கையில் வெறும் "மிக் பாசிட்டிவ்" என்று எழுதாதீர்கள். "உடைவு இல்லை, 100 உட்கருக்களில் 62இல் 3–4 நகல்கள், சென்ட்ரோமியரும் அதே அளவு, பெருக்கம் அல்ல" என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். பிசிஎல்2, பிசிஎல்6 மரபணுக்களின் முடிவுகளையும் இதே வடிவில் அடுத்தடுத்த வரிகளில் கொடுங்கள்.