குமரிக் கடற்காற்றில் பால்புதுமையினர் ஆவணங்களைக் காப்பது எப்படி

ஒரு திருநங்கை இறந்தபின் பிறந்த வீட்டார் வந்து அவருடைய படங்களையும் புடவைகளையும் ஒரே நாளில் எரித்துவிடுவது பல இடங்களில் நடக்கிறது. குமரி மாவட்டத்தில் பால்புதுமையினருக்கு (திருநங்கை, திருநம்பி, தன்பாலீர்ப்பாளர் போன்றோருக்கு) ஒரு காப்பகம் தொடங்க நினைக்கிறவர்கள் கரையானையும் பூஞ்சையையும் பற்றி யோசிக்குமுன் இதைப் பற்றி யோசிக்க வேண்டும். உயிரோடிருக்கும்போதே ஒருவர் தம் பெட்டியை நம்பிக் கொடுக்கும்படி நடந்துகொள்வதுதான் முதல் வேலை.

ஒப்புதல் தாளில் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். வைத்துக்கொள்ளலாமா? யார் பார்க்கலாம்? பெயரோடும் முகத்தோடும் வெளியிடலாமா? ஒவ்வொன்றுக்கும் தனிக் கையெழுத்து வேண்டும். ஒரே கையெழுத்தில் மூன்றையும் வாங்கினால், 'வச்சுக்கோங்க' என்று மட்டும் சொன்னவரின் முகம் நாளை கண்காட்சிச் சுவரில் தொங்கும். '2050 வரை திறக்க வேண்டாம்', 'நான் இறந்தபிறகு திறக்கலாம்' என்று எழுதவும் தாளில் இடம் விடுங்கள். மனம் மாறித் திருப்பிக் கேட்டால், காரணம் கேட்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

குழுப் படம்தான் சிக்கல். கொடுத்தவர் ஒருவர், படத்தில் இருப்பவர்கள் பத்துப் பேர். அதில் ஒருவர் இன்று மார்த்தாண்டத்தில் குடும்பத்தோடு இருக்கலாம். மூலத்தை அப்படியே வையுங்கள். வெளியே காட்டும் நகலில் மற்ற முகங்களை மறைத்துவிடுங்கள். நம்முடையது சின்ன மாவட்டம். பெயரை எடுத்துவிட்டு 'குளச்சல், கோயிலுக்குப் பின்னால் தையல் கடை' என்று குறிப்பு எழுதினால், அது பெயரையே எழுதியதற்குச் சமம். அதனால் பெட்டியின்மேல் எண் மட்டும் போடுங்கள்: 014-03-027 என்றால் 14-ஆவது கொடையாளர், 3-ஆவது பெட்டி, 27-ஆவது பொருள். எண்ணுக்குரிய பெயர் ஒரு தனி நோட்டில் இருக்கட்டும். அந்த நோட்டு வேறொரு வீட்டில் பூட்டியிருக்கட்டும்.

ஒருவர் இப்போது வைத்திருக்கும் பெயரில்தான் பட்டியல் போட வேண்டும். பழைய ரேஷன் கார்டிலும் பள்ளிச் சான்றிதழிலும் உள்ள பெயரை அந்தப் பூட்டிய நோட்டில் மட்டும் குறியுங்கள். பழைய நோட்டீஸில் 'அரவாணி' என்று இருந்தால் தலைப்பைத் திருத்தாதீர்கள். உங்கள் விவரிப்பில் திருநங்கை, திருநம்பி, தன்பாலீர்ப்பாளர் என்று இன்றைய சொல்லை எழுதுங்கள். இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முந்தைய திருவிதாங்கூர்க் காகிதங்கள் பல மலையாளத்தில் இருக்கும். மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் குழுவில் இல்லாவிட்டால் அவை வெறும் கட்டாகவே கிடக்கும்.

இனி பொருள்கள். இங்கே ஜூனில் தொடங்கும் மழையும் அக்டோபரில் தொடங்கும் மழையும் இரண்டுமே பெய்யும். ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். பகலில் ஏசி போட்டு இரவில் அணைப்பது, ஏசியே இல்லாததைவிட மோசம். காகிதம் தினமும் விரிந்து சுருங்கும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபின் மாவட்டத்தில் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். ஏசியை நம்பாமல், ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டிகளை நம்புங்கள். 50 லிட்டர் பெட்டிக்கு 1 கிலோ ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் கட்டி வைத்து, உள்ளே சிறிய ஈரப்பதமானி ஒன்றைப் போடுங்கள். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானால் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். நீல நிற ஜெல் வேண்டாம், அதிலுள்ள கோபால்ட் உடம்புக்கு ஆகாது. ஈரமான பொருளைக் காயவைக்காமல் பெட்டியில் மூடினால், பூஞ்சையை நாமே வளர்த்தது போலாகும். பெட்டிகளைத் திறந்து பார்க்கவும் ஸ்கேன் செய்யவும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம்.

பாச்சை உருண்டை வேண்டாம். அது படங்களையும் பிளாஸ்டிக்கையும் கெடுக்கும். புடவையிலோ காகிதத்திலோ பூச்சி தெரிந்தால் ஜிப் கவரில் காற்றை அழுத்தி வெளியேற்றி, மூடி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் திறக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க வெளியே இருந்தபின்தான் திறக்க வேண்டும், இல்லையென்றால் வேர்த்து நனையும். ஸ்டேப்ளர் பின்கள் உப்புக்காற்றில் துருப்பிடித்துத் தாளைத் தின்னும், எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தை விரலால் பிய்க்காதீர்கள். பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் மெழுகில்லாத நூலைப் படத்துக்குப் பின்னால் கொடுத்து, ரம்பம் இழுப்பதுபோல் மெதுவாக இழுங்கள். தடுத்தால் நிறுத்திவிட்டு, பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். லேமினேட் செய்த படத்தைப் பிரிக்கவே கூடாது. 4-க்கு 6 அங்குலப் படத்தை 600 டிபிஐயில் டிஃப் கோப்பாக எடுத்தால் ஏறத்தாழ 26 எம்பி வரும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அதில் பெரும்பகுதி போய்விடும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

வாய்மொழிப் பதிவில் மின்விசிறியை அணைத்துவிட்டு உட்காருங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பு, ஸ்டீரியோவில் ஒரு மணிநேரத்துக்கு 1 ஜிபி ஆகும். எழுத்தாக்கும்போது ஊர்ப்பேச்சைத் திருத்த வேண்டாம். 'எனக்க அம்மை' என்று அவர் சொன்னால் 'எனக்க அம்மை'தான், 'என் அம்மா' அல்ல. ஜமாத்துக்குள் (திருநங்கையர் தங்களுக்குள் அமைத்துக்கொண்ட குழுவுக்குள்) மட்டும் புழங்கும் சொற்களுக்கு அவர் சொல்லும் விளக்கத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். வெளியே சொல்லக்கூடாது என்றால், அதை ஒலிப்பதிவிலேயே மூடிவைத்துவிடுங்கள்.

பெர்லினில் பால்புதுமையினருக்காகக் குரல் கொடுத்த மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்டின் பாலியல் ஆய்வு நிறுவனத்தை 1933 மே 6 அன்று நாஜிகள் சூறையாடி, நான்கு நாள் கழித்து அதன் நூல்களைப் பொதுச் சதுக்கத்தில் கொளுத்தினார்கள். எல்லாம் ஒரே இடத்தில் இருந்ததால் எத்தனையோ பேருடைய வாழ்க்கைக் குறிப்புகள் திரும்பவே இல்லை. அதனால் ஸ்கேன், ஒலிப்பதிவுக் கோப்புகளுக்கு மூன்று நகல், இரண்டு வகைக் கருவி, ஒன்று வெளியூரில். அந்த வெளியூர் மணக்குடியோ குளச்சலோ ஆக வேண்டாம், 2004 சுனாமி இரண்டையும் தாக்கியது. மதுரையில் நம்பிக்கையான ஒருவரிடம் ஒரு வன்தட்டு இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை அதை இணைத்துத் திறந்து பாருங்கள்.

தமிழ்நாட்டில் திருநங்கையர் நாளாக அனுசரிக்கும் ஏப்ரல் 15 அன்று நாகர்கோவிலில் ஒருநாள் கண்காட்சி வைக்கலாம். அங்கே வைப்பது நகல்கள் மட்டுமே. மூலப் புடவையை வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் படக்கூடாது.

சாவி இருவரிடம் இருக்க வேண்டும். நடத்துபவர்கள் ஊரைவிட்டுப் போனால் பெட்டிகள் யாரிடம் சேர வேண்டும் என்பதை முதல் ஆண்டிலேயே எழுதிக் கையெழுத்திட்டு, பூட்டிய நோட்டோடு சேர்த்து வையுங்கள். பெங்களூருவில் தேசியச் சட்டப் பள்ளியில் உள்ள, பால்புதுமையினருக்கான கம்ரா காப்பகம் போன்ற ஒன்றிடம் முன்கூட்டியே பேசலாம். மூடிவைக்கச் சொன்னவர்களின் நிபந்தனைகளைப் பெறுகிறவர்களும் ஏற்கிறார்கள் என்ற வரி அந்தத் தாளில் இல்லையென்றால் கையெழுத்திடாதீர்கள்.