புதிய மர இனம்: தொரட்டி முதல் ஹோலோடைப் வரை

சிங்கப்பூரின் புக்கிட் தீமாவிலோ நீ சூன் சதுப்புக் காட்டிலோ பெயர் தெரியாத மரம் ஒன்று கண்ணில் பட்டால், முதலில் மூன்று சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ளுங்கள். அது எப்போதோ யாரோ நட்டு, காட்டுக்குள் பரவிவிட்ட வெளியூர் மரமாக இருக்கலாம். பழைய கம்பத்து (கிராமத்து) நிலங்களில் முளைத்த காடுகளில் இது சகஜம். இளங்கன்றாகவும் இருக்கலாம்: காட்டுப் பலா வகையான தெராப்பின் கன்று இலை ஆழமாகப் பிளந்திருக்கும், வளர்ந்த மரத்தின் இலையோ முழுதாக இருக்கும். இரண்டையும் தனித்தனி மரமென்று நினைத்தவர்கள் உண்டு. மூன்றாவது சந்தேகம்தான் பெரியது. அதே மரத்துக்கு ஜொகூரிலோ போர்னியோவிலோ நூறாண்டுக்கு முன்பே பெயர் வைத்திருப்பார்கள்.

இயற்கை வனப்பகுதியில் ஓர் இலை பறிக்கவும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கையில் வந்தபிறகே கத்தரியை எடுங்கள்.

பூவோ காயோ இல்லாத கிளையால் பயனில்லை. காட்டு மரங்கள் பல ஆண்டுதோறும் பூப்பதில்லை என்பதால், மரத்துக்கு எண் பொறித்த அலுமினியத் தகடு கட்டிவிட்டுத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். தொரட்டியும் நீளக்கழிக் கத்தரியும் எட்டாத உயரத்தில் பூத்திருந்தால், எடைப்பையோடு கயிற்றைக் கவணால் கிளைமேல் எறிந்து இழுக்கலாம், அல்லது பயிற்சி பெற்ற மரமேறியை அழைக்கலாம். பூமலையில் (சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில்) பணியாற்றிய தாவரவியலாளர் கார்னர், பழக்கிய பெரோக் (பன்றிவால்) குரங்குகளை மரமேற்றிக் கிளை ஒடிக்க வைத்தார். அந்த வசதி இன்று நமக்கில்லை.

ஒரே மரத்திலிருந்து ஒரே நேரத்தில் ஐந்து பிரதிகள் எடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே சேகரிப்பு எண். உலர்ந்தபின் காணாமல்போகும் விவரங்களை அங்கேயே நின்று எழுதுங்கள்: பூவின் நிறம், மணம், பட்டையைச் சிறிதாக வெட்டினால் பால் வடிகிறதா, என்ன நிறப் பால், உள்பட்டை என்ன நிறம், கசக்கிய இலை என்ன வாசம். தரையிலிருந்து 1.3 மீட்டரில் அடிமரச் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். பலகை வேர் அதற்கு மேலும் ஏறியிருந்தால், அது முடியும் இடத்துக்கு மேலே அளந்து, எந்த உயரத்தில் அளந்தீர்கள் என்பதையும் குறியுங்கள். அடர்ந்த விதானத்தின் கீழ் ஜிபிஎஸ் பிசகும். பிழையளவையும் சேர்த்தே எழுதுங்கள்.

மரபணுவுக்கான இலைத்துண்டை எல்லாவற்றுக்கும் முன்னால் எடுத்து சிலிக்கா ஜெல்லில் போடுங்கள். இலை 1 பங்கென்றால் ஜெல் 10 பங்கு, எடைக்கணக்கில். ஒரு நாளுக்குள் இலை மொறுமொறுவென்று ஆகவில்லை என்றால் ஜெல்லை மாற்றுங்கள். இதை மறந்து கிளை முழுவதையும் ஆல்கஹாலில் நனைத்துவிட்டால், பிறகு நல்ல டிஎன்ஏ கிடைப்பது கடினம்.

நம் ஊர் ஈரக்காற்றில், செய்தித்தாளில் அழுத்திய கிளையை அப்படியே விட்டால் சில நாளில் பூஞ்சை பிடிக்கும், இலைகள் காம்போடு உதிரும். அன்றே உலர்த்தடுப்புக்குக் கொண்டுபோக முடியாவிட்டால், செய்தித்தாள் கட்டைத் தடித்த பிளாஸ்டிக் பையில் வைத்து 70 விழுக்காடு ஆல்கஹால் ஊற்றி இறுகக் கட்டுங்கள். வாரக்கணக்கில் தாங்கும், ஆனால் நிறம் போய்விடும். உலர்த்த 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் போதும். அவசரப்பட்டு வெப்பத்தைக் கூட்டினால் இலை கருகி நொறுங்கும். ஒருசில பூக்களைத் தனியே ஆல்கஹால் புட்டியில் போடுங்கள். சூலகத்தை அறுத்துச் சூல்களை எண்ண அவைதான் உதவும். கிளை உலர்ந்த தாள்களை ஹெர்பேரியத்துக்குள் (உலர்தாவரக் காப்பகத்துக்குள்) கொண்டுபோகுமுன் பூச்சி சாக ஒரு வாரம் -20 டிகிரியில் உறைய வையுங்கள்.

உண்மையான கண்டுபிடிப்பு இதற்குப் பிறகுதான், பெரும்பாலும் குளிரூட்டப்பட்ட அறையில். பூமலை ஹெர்பேரியத்தில் 700,000க்கும் அதிகமான மாதிரிகள் இருக்கின்றன. உங்கள் மரம் அங்கே வேறு பெயர்ச்சீட்டோடு ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருக்கக்கூடும். நாவல் மரத்தின் பேரினமான சிசிஜியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: உலகில் சுமார் 1,200 இனங்கள், ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் எதிரெதிர் இலை, விளிம்போர நரம்பு. மலாயாவின் தாவரநூலோடு ஒப்பிட்டு நிறுத்திவிடக் கூடாது. சுமத்ரா, போர்னியோ, தாய்லாந்து இனங்களின் மூல மாதிரிகளையும், அதாவது பெயருக்கு ஆதாரமாகக் குறித்த தாள்களையும், பாருங்கள். படங்கள் இணையத்தில் கிடைக்கும். ஆனால் பூமொட்டின் உள்ளமைப்பு படத்தில் தெரியாது, தாளையே இரவல் கேட்க வேண்டும். ஒரே ஒரு வேறுபாட்டை நம்பிப் பெயர் வைத்தால் அடுத்த ஆய்வாளர் அதை அழித்துவிடுவார். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மூன்று வேறுபாடுகளாவது, பல மரங்களில், மாறாமல் நிற்க வேண்டும்.

விவரணையில் பத்து இலைகளாவது அளந்து வீச்சைக் கொடுங்கள். அளந்தது பச்சையா உலர்ந்ததா என்று சொல்லுங்கள். பூ உலர்ந்தால் நன்றாகச் சுருங்கும்.

பெயரிடலுக்குப் பன்னாட்டு விதித்தொகுப்பு உண்டு. 1935 முதல் 2011 வரை லத்தீன் விவரணை கட்டாயம். 2012 முதல் ஆங்கிலமும் செல்லும். பெயருக்கு ஆதாரமான ஒரே மூல மாதிரியான ஹோலோடைப் எது, எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது என்பதைக் கட்டுரையில் வெளிப்படையாக எழுதாவிட்டால் பெயரே செல்லாது. அடிக்கடி தவறுகிற இடம் ஒன்று: மார்ச்சில் பூவும் ஆகஸ்டில் காயும் எடுத்து, இரண்டையும் சேர்த்து ஹோலோடைப் என்பது. அவை இரு வேறு சேகரிப்புகள். ஒன்றைத்தான் குறிக்க முடியும், பெரும்பாலும் பூவுள்ளதே நல்லது. பெயரின் விகுதியும் பேரினத்தின் பாலோடு ஒத்துப்போக வேண்டும். சிசிஜியம் நம் ஒன்றன்பால் போன்றது, ஆகவே சிங்கப்பூரென்ஸ். ஃபைகஸ் பார்க்க ஆண்பால் போலிருந்தாலும் பெண்பால். இந்த விகுதியில் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் ஒரே வடிவம், சிங்கப்பூரென்சிஸ். இதில் பிசகினால் பெயர் செத்துவிடாது, பின்னால் வருபவர் திருத்திக்கொள்வார்.

அழிவுநிலை மதிப்பீட்டையும் சேர்த்தே எழுதுங்கள். முதிர்ந்த மரங்கள் 50க்கும் குறைவென்றால் அது மிக அருகிய இனம். கன்றுகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

மீதிப் பிரதிகளைக் கட்டுரை வெளிவருமுன் மலேசியாவின் கெப்போங், நெதர்லாந்தின் லைடன், இங்கிலாந்தின் கியூ ஹெர்பேரியங்களுக்குப் பிரித்து அனுப்பிவிடுங்கள். 1943இல் பெர்லின் ஹெர்பேரியம் குண்டுவீச்சில் எரிந்தபோது ஏராளமான மூல மாதிரிகள் சாம்பலாயின. வேறு ஊரில் பிரதி இருந்த இனங்களுக்கு மட்டும் பார்க்க ஒரு தாளாவது மிஞ்சியது.