ஆட்டோபைலட் குமிழ்களைத் திருப்புவதற்கு முன்

சுக்கானைத் தானே பிடிக்கும் ஆட்டோபைலட் நேராக ஓட்டுகிறதா என்று தெரிய வேண்டுமானால், திரும்பிப் படகின் பின்னால் விழும் நுரைக்கோட்டைப் பாருங்கள். சரக்குக் கப்பலில் மூன்றாம் அதிகாரியாகச் சேர்ந்த புதிதில் ஒரு முதிய சுக்கானி எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது. அவர் பிடித்தால் கோடு நூல் பிடித்ததுபோல் விழும். இப்போது சவுதாம்ப்டனுக்குப் பக்கத்தில், ஹாம்பிள் ஆற்றில், எட்டு மீட்டர் பாய்மரப் படகு ஒன்றை வைத்திருக்கிறேன். அதில் ஆட்டோபைலட் பூட்டி முதன்முதலாகச் சோலன்ட் நீரிணைக்குள் போனபோது விழுந்த கோடு, சாரைப்பாம்பு ஊர்ந்த தடம்போல் இருந்தது.

கப்பல்களில் இருந்த பழைய கட்டுப்பாட்டுப் பெட்டியில் ரட்டர், கவுண்டர் ரட்டர், வெதர் என்று குமிழ்கள் இருக்கும். இன்றைய சிறு கருவிகளில் அவை எண்களாகத் திரைக்குள் போய்விட்டன. ஆனால் உள்ளே நடப்பது அதேதான்.

பொறியாளர் எல்மர் ஸ்பெரியின் கைரோ காம்பஸ், அதாவது சுழலும் சக்கரத்தால் வடக்கைக் காட்டும் திசைகாட்டி, 1911இல் அமெரிக்கப் போர்க்கப்பல் டெலவேரில் சோதிக்கப்பட்டது. 1920களின் தொடக்கத்தில் அதைச் சுக்கானோடு இணைத்தார். மாலுமிகள் அதற்கு 'மெட்டல் மைக்' என்று பெயர் வைத்தார்கள். அதே காலத்தில் ரஷ்யாவில் பிறந்த பொறியாளர் நிக்கொலாஸ் மினோர்ஸ்கி, நல்ல சுக்கானி என்ன செய்கிறார் என்பதைக் கவனித்து, 1922இல் அதைக் கணிதமாக எழுதினார். சுக்கானி பார்ப்பவை மூன்று: கப்பல் எவ்வளவு விலகியிருக்கிறது, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது, எவ்வளவு நேரமாக ஒரே பக்கம் சாய்ந்து போகிறது. நியூ மெக்ஸிகோ என்ற போர்க்கப்பலில் இந்த முறையைச் சோதித்தும் பார்த்தார்கள்.

விலகலுக்கு ஏற்பச் சுக்கானைத் திருப்புவது ரட்டர். திருப்பம் மிஞ்சிப் போகாமல் எதிர்ப்பக்கம் கொஞ்சம் பிடிப்பது கவுண்டர் ரட்டர். ஒரே பக்கமாக இழுக்கும் காற்றை ஈடுகட்டும் மூன்றாவதைப் பல கருவிகள் தாமாகவே பார்த்துக்கொள்ளும். வெதர் என்பது, சின்ன அலைக்கெல்லாம் சுக்கானைத் தொடாமல் இருக்கும் பொறுமை.

சரிசெய்ய அமைதியான நீரில் வழக்கமான வேகத்தில் போங்கள். 40 பாகை திருப்பச் சொல்லுங்கள். படகு சட்டென்று திரும்பி, 5 பாகைக்கு மேல் மிஞ்சாமல் நின்றால் ரட்டர் அளவு சரி. அதற்கு மேல் மிஞ்சினால் குறையுங்கள். சோம்பலாக வந்தால் கூட்டுங்கள். ஒரு முறைக்கு ஒரு குமிழ் மட்டும். இரண்டையும் சேர்த்துத் திருப்பி ஒரு மத்தியானம் முழுவதையும் வீணடித்திருக்கிறேன்.

என் பாம்புத்தடத்துக்குக் காரணம் குமிழ் அல்ல. கருவியின் தள்ளுதண்டை மாட்டுவதற்காகச் சுக்கான் கைப்பிடியில் ஏறும் ஆணியைச் சுக்கான் அச்சிலிருந்து 460 மில்லிமீட்டரில் பொருத்தச் சொல்லியிருந்தது கையேடு. நான் கைக்கு வசதியாக 380இல் துளை போட்டிருந்தேன். அச்சுக்கு நெருங்கினால் தண்டு சற்றே நகர்ந்தாலும் சுக்கான் அதிகம் திரும்பும். எண்ணை எவ்வளவு குறைத்தாலும் பயனில்லை. பழைய துளையை எப்பாக்சி வைத்து அடைத்துவிட்டு, அளவுநாடாவோடு புதிதாகத் துளையிட்டேன்.

அடுத்த தொல்லை, கருவி திசையறியப் பார்க்கும் காம்பஸ். 1960இல் தனியாளாக அட்லாண்டிக்கைக் கடந்த ஹாஸ்லரும் சிசெஸ்டரும் காற்றால் இயங்கும் கருவியைத்தான் நம்பினார்கள். மின்சாரம் வேண்டாம், ஆனால் காற்று திரும்பினால் படகும் திரும்பிவிடும். சிறு படகுக்கான மின் ஆட்டோபைலட்டை 1970களில் பரவலாக்கியது, இங்கே பக்கத்திலுள்ள போர்ட்ஸ்மத்தில் டெரெக் ஃபாசெட் நடத்திய நாடெக் நிறுவனத்தின் ஆட்டோஹெல்ம். இத்தகைய கைப்பிடிக் கருவிகளின் பெட்டிக்குள்ளேயே பூமியின் காந்தப்புலத்தை மின்முறையில் உணரும் ஃப்ளக்ஸ்கேட் காம்பஸ் இருப்பதால் இரும்பும் காந்தமும் அதற்கு ஆகாது. என் மனைவி காந்தப்பூட்டு வைத்த கைபேசி உறையை அதன் மேல் வைத்தார். படகு மெல்ல மெல்ல இடப்பக்கம் போயிற்று. நான் காற்றைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பாயை முதலில் சரிசெய்யுங்கள். கைப்பிடியை நீங்களே இரு கையாலும் இழுத்துப்பிடிக்க வேண்டியிருந்தால், கருவியும் அதே பாட்டைத்தான் படும், மின்கலமும் தீரும். பாயைச் சுருக்கினால் இரண்டும் பிழைக்கும்.

ஜிபிஎஸ் வழித்தடத்தோடு இணைப்பவர்கள் ராயல் மெஜஸ்டியை நினைத்துக்கொள்ளுங்கள். 1995 ஜூன் 10 அன்று, பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குப் போன அந்தப் பயணக் கப்பல் நான்டக்கெட் தீவருகே மணல் திட்டில் ஏறியது. ஜிபிஎஸ் ஆன்டெனா கம்பி கழன்றிருந்தது. கருவி வேகத்தையும் திசையையும் மட்டும் வைத்துக் கணக்குப் போட்ட இடத்தை நம்பி, ஆட்டோபைலட் சுமார் 17 மைல் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. மணிக்கு ஒரு முறை வரைபடத்தில் பென்சிலால் குறியுங்கள்.

கடைசியாக, கழற்றப் பழகுங்கள். மீன்வலை மிதவை திடீரென்று முன்னால் வந்தால் பொத்தானைத் தேட நேரமிருக்காது. தண்டை ஆணியிலிருந்து தூக்கிக் கைப்பிடியைப் பற்ற வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்து பாருங்கள். என் மனைவிக்கு நான்கு விநாடி, எனக்கு ஆறு.