சொதியைச் சோற்றில் ஊற்றாதேங்கோ

அவதி அவதியாக விழுங்குகிறவரை ஆறுதலாக மென்று சாப்பிட வைக்க, சொதியை (தண்ணியான தேங்காய்ப்பால் குழம்பை) சோற்றுக்கு மேல் ஊற்றாமல், சின்னக் கிண்ணத்தில் தனியாக வையுங்கோ. சோற்றையும் முதலில் இரண்டு அகப்பையோடு நிற்பாட்டுங்கோ. மிச்சம் பானையில் இருக்கட்டும், கேட்டால் போடலாம்.

சொதி ஊறின சோறு மெல்லாமலே வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். எங்கட வன்னிப் பக்கத்துச் சிவப்புப் புழுங்கலரிசிச் சோற்றைக் கெட்டிக் கறியோடு பிசைந்தால் மென்றுதான் ஆகவேணும். வயிறு நிரம்பினது மூளைக்குத் தெரிய ஏறக்குறைய 20 நிமிடம் எடுக்கும்; 5 நிமிடத்தில் கோப்பையை வழித்தெடுக்கிறவர் அதற்குள் இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டிருப்பார். முருங்கைக்காய்க் கறி இருந்தால் இன்னும் விசேஷம், ஒவ்வொரு துண்டையும் விரித்துச் சப்பித் துப்பாமல் அடுத்த வாய்க்குப் போக ஏலாது. குளத்து மீனிலும் முள் எடுக்க நேரம் போகும்தான், ஆனால் அவதிக்காரரிடம் முள்மீனை நம்பிக் கொடுக்கவேண்டாம்.

பல் விழுந்த அம்மம்மா, அப்பப்பாவுக்கும் விழுங்கக் கஷ்டப்படுகிறவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் இது சரிவராது; அவர்களுக்குச் சோறு குழைவாகத்தான் இருக்கவேணும். விடியவே வயலுக்கு வெளிக்கிட்டு நிற்கிறவரிடம் செய்துபார்த்துப் பேச்சு வாங்காதேங்கோ, இராச்சாப்பாட்டில் தொடங்குங்கோ.