ஸ்டீல்ஹெட்டுக்கும் மலை ஏரி டிரவுட்டுக்கும் எந்த நரம்பு, எந்த லூர்?

ஸ்டீல்ஹெட் தனி மீனினம் அல்ல. ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய்க் கொழுத்து, முட்டையிட மறுபடி ஆறேறி வரும் ரெயின்போ டிரவுட்தான் அது. நீலகிரியில் பிரிட்டிஷார் கொண்டுவந்து விட்ட ரெயின்போவும் இதே இனம். ஆனால் அமெரிக்காவின் வாஷிங்டன், ஆரிகன் ஆறுகளில் ஏறும் ஸ்டீல்ஹெட் 6 முதல் 12 பவுண்டு எடையோடு வேகமான நீரில் நிற்கும். அதே வாஷிங்டனின் காஸ்கேட் மலை ஏரிகளில் கிடைக்கும் டிரவுட் பெரும்பாலும் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதல். ஒரே கோலும் ஒரே நரம்பும் (தூண்டில் இழை) இரண்டுக்கும் சரிவராது.

கடைக்குள் நுழைந்ததும் கண் போவது லூர்களின், அதாவது செயற்கை இரைகளின், நிறத்தின்மேல்தான். நரம்பை முதலில் முடிவு செய்யுங்கள். லூர் எவ்வளவு தூரம் பறக்கும், எவ்வளவு ஆழம் இறங்கும், நீரோட்டத்தோடு இயல்பாகப் போகுமா அல்லது இழுபட்டு விலகுமா என்பதையெல்லாம் நரம்புதான் தீர்மானிக்கிறது. நிறம் அதற்குப் பிறகுதான்.

மூன்று வகை நரம்பு

சாதாரண தங்கூஸ் (ஒற்றை இழை நைலான் நரம்பு) நீரைவிடச் சற்றே கனமானது, மெல்ல மூழ்கும். இழுத்தால் நீளும். மீன் திடீரென்று பாயும்போது அந்த நீட்சி தூண்டில் முள் பிய்ந்து வராமல் காப்பாற்றுகிறது. ஆனால் நீரை உறிஞ்சி வலுக் குறையும், வெயிலிலும் கெடும். அடிக்கடி போகிறவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது மாற்றுவது நல்லது.

ஃப்ளூரோகார்பன் தெளிவாகவே மூழ்கும். ஒளியை வளைக்கும் விதத்தில் தங்கூஸைவிட இது நீருக்கு நெருக்கம், அதனால் தண்ணீருக்குள் குறைவாகத் தெரியும். பாறையில் உரசினாலும் எளிதில் சிராய்க்காது. ஆனால் விறைப்பு அதிகம். ரீல் முழுக்கச் சுற்றினால் சுருள் சுருளாகக் கிளம்பும். முள்ளுக்கு மேலே வரும் கடைசித் துண்டான லீடராக மட்டும் பயன்படுத்துங்கள்.

பல இழை சேர்த்துப் பின்னிய பிரெய்டு மிதக்கும், நீளவே நீளாது, 30 பவுண்டு (அறாமல் தாங்கும் எடை) பிரெய்டு சுமார் 8 பவுண்டு தங்கூஸின் தடிமன்தான் இருக்கும். மிதவை கட்டி மீன்பிடிக்க இதுதான் சரி. நரம்பு நீர்மேல் கிடப்பதால் அதைத் தூக்கி மேலோட்டப் பக்கம் (நீர் வரும் திசை) போட்டு நேராக்க முடியும். ஆனால் உறைபனி விழும் காலையில் பிரெய்டு சுமந்து வரும் நீர் கோலின் வளையங்களில் பனிக்கட்டியாக அடைத்துக்கொள்ளும். அந்த நாளுக்குத் தங்கூஸ் சுற்றிய இன்னொரு ஸ்பூல் (ரீலின் நரம்பு உருளை) கையில் இருக்கட்டும். ஸ்பூலில் முதலில் பத்துச் சுற்றுத் தங்கூஸ் சுற்றி அதன்மேல் பிரெய்டைச் சுற்றுங்கள். இல்லாவிட்டால் மீன் இழுக்கும்போது மொத்த நரம்பும் ஸ்பூலில் வழுக்கிச் சுழலும்.

ஸ்டீல்ஹெட்: மிதவையும் ஜிக்கும்

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மிதவையின் கீழே ஜிக்கைத் (தலையில் எடை வார்த்த முள்) தொங்கவிடுவதைவிட நல்ல வழி இல்லை. கோல் 9½ முதல் 10½ அடி, ரீல் 3000 அளவு. 30 பவுண்டு பிரெய்டில் முதலில் மிதவையைத் தடுத்து நிறுத்தும் நூல் முடிச்சு, பிறகு ஒரு சின்ன மணி, துளையுள்ள சறுக்கு மிதவை, இன்னொரு மணி, அதன் கீழே சுவிவலோடு (சுழலும் இணைப்பு வளையம்) கூடிய ஈயம். மிதவையில் ⅜ அவுன்ஸ் என்று எழுதியிருந்தால், ஈயமும் ஜிக்கும் சேர்ந்து ஏறக்குறைய அந்த எடைக்கு வர வேண்டும். எடை குறைந்தால் மிதவை படுத்துக்கொள்ளும், மீன் தொட்டாலும் தெரியாது. சுவிவலுக்குக் கீழே 18 முதல் 24 அங்குலம் 10 பவுண்டு ஃப்ளூரோகார்பன், அதன் நுனியில் ⅛ அவுன்ஸ் மரபூ இறகு ஜிக். கலங்கிய பெருநீருக்கு ¼ அவுன்ஸ்.

ஜிக் அடித்தரைக்கு ஓர் அடி மேலே போக வேண்டும். நூல் முடிச்சை ஏற்றி இறக்கி இதைச் சரிசெய்யுங்கள். மிதவையின் தலை கீழோட்டப் பக்கம் சாய்ந்தால் ஈயம் தரையில் இழுபடுகிறது என்று பொருள், ஆழத்தைக் குறையுங்கள். மேலோட்டப் பக்கம் சாய்ந்தால் உங்கள் நரம்பே அதைப் பிடித்து நிறுத்துகிறது, நரம்பைத் தளர்த்துங்கள். செங்குத்தாக நிமிர்ந்து, மேலே மிதக்கும் நுரையின் வேகத்துக்குச் சற்றுக் குறைவாகப் போனால் எல்லாம் சரி. மிதவை அமிழ்ந்ததும் வெட்டி இழுக்காதீர்கள். தளர்ந்த நரம்பை ரீலில் சுற்றி எடுத்து, மீனின் கனம் தெரிந்த பிறகு கோலைப் பக்கவாட்டில் வீசித் தூக்குங்கள்.

ஜிக் நிறத்தில் இளஞ்சிவப்பு முதலில். தெளிந்த நீரில் கறுப்பு அல்லது ஊதா, கலங்கலில் ஆரஞ்சு. மூன்று முதல் ஆறு அடி வரை உள்ளே தெரியும் பச்சை நீரைத்தான் ஸ்டீல்ஹெட் பிடிப்பவர்கள் விரும்பிக் காத்திருப்பார்கள்.

மணி

சால்மன் முட்டை போன்ற பிளாஸ்டிக் மணியும் ஜிக்குக்குப் பதிலாக அதே மிதவையில் தொங்கும். தெளிந்த நீருக்கு 8 அல்லது 10 மில்லிமீட்டர், வழக்கமான நீருக்கு 12 அல்லது 14. மணியை நரம்பில் அசையாமல் இறுக்கி, முள்ளுக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் மேலே நிறுத்துங்கள். இந்த இடைவெளி முக்கியம். அதிகமானால் மீன் மணியைத் துப்பும்போது முள் வாய்க்கு வெளியே, கன்னத்திலோ கண்ணருகிலோ ஏறிவிடும். அலாஸ்காவில் இரண்டு அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று விதியே இருக்கிறது.

ஸ்பூனும் ஸ்பின்னரும்

இங்கே நரம்பு மாறுகிறது. ஸ்பூன் (கரண்டி வடிவ உலோக லூர்) கட்டும்போது 12 முதல் 15 பவுண்டு தங்கூஸைத்தான் பரிந்துரைக்கிறோம். இறுகிய நரம்பில் ஸ்டீல்ஹெட் வந்து மோதும்போது நீளாத பிரெய்டு முள்ளை வாயிலிருந்து பறித்துவிடுகிறது. பிரெய்டுதான் வேண்டும் என்றால் முன்னால் நாலைந்து அடி 15 பவுண்டு தங்கூஸ் சேர்த்துக்கொள்ளுங்கள். கோல் 8½ முதல் 9 அடி.

மூன்று முதல் ஐந்து அடி ஆழத்துக்கு ⅖ அவுன்ஸ் ஸ்பூன், அதைவிட ஆழமான, வேகமான நீருக்கு ⅔ அவுன்ஸ். லிட்டில் கிளியோ எளிதில் கிடைப்பது. ஆற்றுக்குக் குறுக்கே, சற்றே கீழோட்டம் நோக்கி வீசி, இறங்க விட்டு, நரம்பு இறுகியதும் சுற்றாமல் பிடித்திருங்கள். நீரோட்டமே அதை வில்லாக வளைத்துக் கரைக்குக் கொண்டுவரும். கோல் நுனியில் மெதுவான, கனமான துடிப்பு வர வேண்டும். படபடவென்று அதிர்ந்தால் ஸ்பூன் வேகமாக, மேலே ஓடுகிறது. துடிப்பே இல்லையென்றால் தரையில் புரள்கிறது. ஸ்பூனோடு வரும் மும்முனை முள்ளைக் கழற்றி 1/0 அல்லது 2/0 அளவு ஒற்றை முள் மாட்டுங்கள். பாறையில் சிக்குவது குறையும், மீனை விடுவிப்பதும் எளிது.

ஸ்பின்னரில் (தகடு சுழலும் லூர்) புளூ ஃபாக்ஸ் வைப்ராக்ஸ் 4ஆம் எண் பெரும்பாலான ஆறுகளுக்குப் போதும். கோடையில் நீர் வற்றித் தெளிந்தால் 3, பெருக்கில் 5. தகடு சுழலக் குறைந்தபட்ச வேகம் எதுவோ அதில்தான் இழுக்க வேண்டும். ஸ்பின்னர் நரம்பை முறுக்கிவிடும் என்பதால் ஓரடி மேலே நல்ல சுவிவல் தேவை.

நீரின் வெப்பநிலையையும் பாருங்கள். 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் மீன் துரத்தாது. அதன் மூக்கெதிரே மெல்லக் கடந்துபோகும் ஜிக்கும் மணியும்தான் எடுபடும். 7 டிகிரி தாண்டிய பிறகு ஸ்பூனும் ஸ்பின்னரும் தம் வேலையைக் காட்டும்.

எங்கே அறுகிறது

பெரும்பாலும் முடிச்சில். இறுக்குமுன் எச்சிலாலோ நீராலோ நனைக்காவிட்டால் உராய்வுச் சூடு ஃப்ளூரோகார்பனைக் கருக்கிவிடும். பிரெய்டையும் தங்கூஸையும் இணைக்க இரட்டை யூனி முடிச்சு போதும், பிரெய்டுப் பக்கம் எட்டுச் சுற்று, மறுபக்கம் ஐந்து. லூர் கட்டப் பாலோமர் முடிச்சு. லீடரின் கடைசி இரண்டடியை அவ்வப்போது விரல் நகத்தால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பு தட்டுப்பட்டால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். லீடர் எப்போதும் முதன்மை நரம்பைவிட வலுக் குறைவாக இருக்கட்டும். சிக்கினால் முள் மட்டும் போகும், மிதவை மிஞ்சும். ரீலின் டிராகை (மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிரேக்) லீடர் வலுவில் கால் பங்குக்கு வையுங்கள், 10 பவுண்டு லீடருக்கு இரண்டரைப் பவுண்டு.

மலை ஏரி

இங்கே கோல் ஆறரை அடி, மிக இலகுவானது, ரீல் 1000 அளவு, நரம்பு 4 பவுண்டு தங்கூஸ். 6 பவுண்டு போட்டால் 1/16 அவுன்ஸ் லூர் அவ்வளவு தூரம் போகாது. மலை ஏரி நீர் கண்ணாடி போலத் தெளிவாக இருப்பதால் தடித்த நரம்பை மீன் பார்த்து ஒதுங்கவும் செய்யும்.

எடுத்துப்போக நான்கைந்து லூர் போதும், ஏனென்றால் முதுகில் சுமந்து ஏற வேண்டும். ஸ்பின்னரில் 1/16, ⅛ அவுன்ஸ் பான்தர் மார்ட்டின், 0 அல்லது 1ஆம் எண் மெப்ஸ், தூரம் எறிய ⅛ அவுன்ஸ் காஸ்ட்மாஸ்டர் ஸ்பூன். வெயிலில் வெள்ளி, மேகமூட்டத்தில் தங்க நிறமும் கறுப்பும். வீசியதும் எண்ணுங்கள். ஐந்து எண்ணி ஒருமுறை இழுங்கள், அடுத்து பத்து, பிறகு பதினைந்து. எந்த எண்ணில் கடி வந்ததோ அதே எண்ணிக்கையைத் தொடருங்கள். மீன் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று அறிய இதைவிட எளிய வழி கிடையாது.

மாலையில் நீர்மேல் வட்ட வட்டமாக அலை எழும்பி, ஸ்பின்னரை எதுவும் தொடவில்லையென்றால் மீன் பூச்சி தின்கிறது. அப்போது நீர் நிரப்பும் பிளாஸ்டிக் குமிழ் கைகொடுக்கும். பாதி நீர் நிரப்பி, சுவிவல் கட்டி, ஐந்தடி 4 பவுண்டு லீடரின் நுனியில் 14 அல்லது 16ஆம் எண் கறுப்பு எறும்பு ஃப்ளை (பூச்சி போலக் கட்டிய முள்). மிதக்கும் ஃப்ளைக்கு லீடர் வேகமாக மூழ்கக் கூடாது, அதனால் இங்கே ஃப்ளூரோகார்பன் வேண்டாம், தங்கூஸே கட்டுங்கள். வீசிவிட்டு அலை அடங்கும்வரை பொறுங்கள், பிறகு நத்தை வேகத்தில் சுற்றுங்கள்.

ஏரிக்குள் ஓடை விழும் இடம், ஏரி வழியும் வாய், ஆழமற்ற திட்டு சட்டென்று கருநீலமாக இறங்கும் விளிம்பு இவற்றை முதலில் தேடுங்கள். காற்று அடித்துச் சேர்க்கும் கரையில் பூச்சிகளும் சேரும், மீனும் அங்கேதான் வரும். கரையோர மீன்தான் முதலில் மிரளும். எனவே தண்ணீரை விட்டுப் பத்தடி தள்ளி நின்று முதல் வீச்சைக் கரையை ஒட்டியே போடுங்கள்.

பனி உருகி ஏரி திறப்பது உயரத்தைப் பொறுத்து ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ. திறந்த முதல் சில நாட்கள் பசித்த மீன் கரையோரமே சுற்றும்.

புறப்படுமுன் அந்தந்த நீர்நிலையின் விதிகளை அதே வாரத்தில் பாருங்கள், வாஷிங்டனில் பருவத்தின் நடுவிலும் அவசர விதி வரும். பல ஆறுகளில் இயற்கை இரை கூடாது, எதிர்ச்செதில் (முள் நுனியில் பின்னோக்கி நீட்டிய சிறு கூர்) இல்லாத ஒற்றை முள் மட்டுமே அனுமதி. இடுக்கியால் அந்தக் கூரை நசுக்கிவிட்டால் போதும். ஸ்டீல்ஹெட்டின் முதுகில் வாலுக்கு முன்னால் இருக்கும் சின்னக் கொழுப்புத் துடுப்பு வெட்டப்பட்டு ஆறியிருந்தால் அது பண்ணையில் வளர்த்து விட்ட மீன். துடுப்பு முழுசாக இருந்தால் காட்டு மீன். அதைத் தண்ணீரை விட்டு முழுதாக வெளியே தூக்காமல் முள்ளைக் கழற்றி, ஓட்டத்தை நோக்கிப் பிடித்திருந்து, தானாக உதறிப் போகும்வரை கையை எடுக்காதீர்கள்.