பிரஷர் மாத்திரை போடுபவர்கள் நாடித் துடிப்பையும் சேர்த்து அளப்பது எப்படி

பிரஷர் கருவி மூன்று எண்களைக் காட்டும். மேல் அழுத்தத்தையும் கீழ் அழுத்தத்தையும் குறித்துக்கொண்டு, துடிப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எழுந்ததும் தலை சுற்றுகிறதென்றால், காரணத்தைத் தேட அந்த மூன்றாவது எண் அவசியம்.

நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். கழுத்துத் தமனியில் உள்ள அழுத்த உணரிகள் அதை நொடிகளில் கண்டுகொள்கின்றன. தானியங்கி நரம்புகள் துடிப்பைக் கூட்டி, இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை நிலைநிறுத்துகின்றன. பிரஷர் மாத்திரைகள் பலவும் இந்த ஏற்பாட்டில்தான் எங்காவது கைவைக்கின்றன.

அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, டீ, புகை வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு 5 நிமிடம் மல்லாந்து படுங்கள். படுத்தபடியே அளந்து மூன்று எண்களையும் எழுதுங்கள். கையில் சுற்றிய பட்டையைக் கழற்றாமல் எழுந்து நின்று, 1ஆம் நிமிடத்திலும் 3ஆம் நிமிடத்திலும் மறுபடி அளங்கள். நிற்கும்போது கையைத் தொங்கவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. தொங்கும் கையில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். உண்மையான இறக்கம் மறைந்துபோகும். இன்னொருவர் கையை நெஞ்சு உயரத்தில் தாங்கிப் பிடிக்கட்டும். மயக்கம் வருவதுபோல் இருந்தால் உடனே உட்கார்ந்துவிடுங்கள். காலையில் மாத்திரைக்கு முன் ஒருமுறையும், மாத்திரை போட்டுச் சில மணி நேரம் கழித்து ஒருமுறையும் பார்ப்பது நல்லது.

நின்றபின் மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 இறங்கினால் அதை டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். அப்போது துடிப்பு படுத்திருந்ததைவிட 15க்கு மேல் கூடியிருந்தால் நரம்புகள் பெரும்பாலும் தங்கள் வேலையைச் செய்கின்றன. உடலில் நீர் குறைந்திருக்கலாம். ஹைட்ரோகுளோரோதயாசைட் போன்ற, சிறுநீரைப் பெருக்கும் நீர் மாத்திரையோடு வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் இப்படி ஆகும். அழுத்தம் இறங்கியும் துடிப்பு அசையவில்லையா? நாள்பட்ட சர்க்கரை நோயோ பார்க்கின்சன் நோயோ தானியங்கி நரம்புகளைப் பாதித்திருக்கலாம். ஆனால் அட்டினோலால், மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் போடுபவருக்கு மருந்தே துடிப்பை ஏறவிடாது. அவர் இந்தச் சோதனையை வைத்து நரம்புக் கோளாறு என்று முடிவுகட்டக் கூடாது. இன்சுலின் போடுபவருக்கு இன்னொரு சிக்கல்: சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் பீட்டா பிளாக்கர் மறைத்துவிடலாம். வியர்வை மட்டும் மறையாது, அதைக் கவனியுங்கள்.

டெல்மிசார்ட்டான், எனலாப்ரில் வகைகள் துடிப்பை அதிகம் மாற்றுவதில்லை. அம்லோடிபின் மெதுவாக வேலை செய்வதால் படபடப்பு குறைவு. வேகமாகக் குழாய்களை விரிக்கும் பழைய வகை நிஃபெடிபினில்தான் துடிப்பு எகிறும். டில்டியாசெமும் வெரபமிலும் துடிப்பைக் குறைப்பவை. இவற்றோடு பீட்டா பிளாக்கரும் சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்கு விழலாம். இரண்டு டாக்டர்களிடம் மருந்து வாங்குபவர்கள் இரு சீட்டுகளையும் இருவரிடமும் காட்டுங்கள். பிராசோசினின் முதல் மாத்திரை மயக்கம் தரக்கூடியது, அதனால்தான் படுக்கும் நேரத்தில் தொடங்கச் சொல்வார்கள்.

துடிப்பு குறைகிறதே என்று மாத்திரையைச் சட்டென நிறுத்திவிடாதீர்கள். குளோனிடின் என்ற பிரஷர் மாத்திரையைச் சட்டென நிறுத்தினால் ஓரிரு நாளில் அழுத்தம் முன்பைவிட மேலே பாயலாம். பீட்டா பிளாக்கரை நிறுத்தினால், இதய நோய் உள்ளவருக்கு நெஞ்சுவலியோ மாரடைப்போ வரலாம். இரண்டையுமே டாக்டர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். துடிப்பு 50க்குக் கீழ் இறங்கி மயக்கமோ மூச்சுத்திணறலோ இருந்தால், அடுத்த வேளை மாத்திரைக்குமுன் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். எழுதிவைத்த எண்களையும் மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.